மூன்றாம் மேஜையின் ஊதாப் பாவாடை

ஜெயக்கொடி பிறந்த ஆண்டு 1963 என்று பள்ளிச் சான்றிதழ் சொல்கிறது. அவருடைய தாயார் செல்லியம்மாள் அதற்கு ஓராண்டு முன்பு என்கிறார். பள்ளியில் சேர்க்கும்போது தலைமையாசிரியரே தமக்குத் தோன்றிய ஒரு தேதியைப் போட்டுக்கொண்டாராம். இந்த ஒரு முரண்பாட்டை நீக்கிவிட்டால், அவருடைய வாழ்க்கையில் ஆவணங்களோடு பொருந்தாத செய்தி எதுவும் இல்லை. கடப்பேரியில் பிறந்தார். தாம்பரத்தில் படித்தார். அரசு நடத்தும் ஓவியத் தேர்வுகளில் கீழ்நிலை, மேல்நிலை இரண்டையும் எழுதி, மேல்நிலையில் முதல் வகுப்புப் பெற்றார். ஓவிய ஆசிரியருக்கான பயிற்சிச் சான்றிதழும் வாங்கினார். ஆசிரியர் ஆனது மட்டும் நடக்கவில்லை. இன்று, 1996இல், பம்மலில் ஓர் ஆயத்த ஆடைக் கூடத்தில் உட்கார்ந்து, தைத்து முடித்த சட்டைகளின் நூல் பிசிறுகளை வெட்டுகிறார்.

டீச்சர் என்று பிள்ளைகள் தன்னைக் கூப்பிட வேண்டும் என்பது பதினெட்டு வயதிலிருந்து அவருக்கு இருந்த ஆசை. வேறு பெரிய ஆசை எதுவும் அவருக்கு இருந்ததாக வீட்டார் நினைவுகூரவில்லை. அந்த ஆசை ஒரே ஒரு முறை கைக்கெட்டும் தூரத்துக்கு வந்தது. அதை அவர் இழந்ததற்கு, பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டில் யாரோ வரைந்த ஒரு கடற்கரை ஓவியம் காரணமாக இருந்தது.

1986ஆம் ஆண்டு, தாம்பரம் சானடோரியத்தில் புதிதாக எழும்பியிருந்த ஏற்றுமதி வளாகத்தில் ஒரு சிறு நிறுவனம், பழைய ஓவியங்களைக் கையால் நகலெடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் தொழிலைத் தொடங்கியது. பள்ளியில் இடம் கிடைக்கும்வரை என்று சொல்லிக்கொண்டு ஜெயக்கொடி அதில் சேர்ந்தார். அக்கம்பக்கத்தார் அதற்குப் படக் கம்பெனி என்று பெயர் வைத்தார்கள். பெண் பார்க்கப் புறப்பட்ட இரண்டு குடும்பங்கள், பெண் படக் கம்பெனியில் வேலை செய்கிறாள் என்று கேட்டு, கோடம்பாக்கத்தை நினைத்துக்கொண்டு பாதி வழியில் திரும்பின. மணலும் ஜல்லியும் விற்கும் கடை வைத்திருந்த தகப்பனார் பொன்னுரங்கம் இதைச் சொல்லிச் சிரிப்பார். செல்லியம்மாள் சிரித்ததில்லை.

அந்த நிறுவனத்திற்கு அதிகமாக வந்த ஆர்டர் ஒரே படத்துக்குத்தான். தாள்களில் அதன் பெயர் ‘பீச் லேடீஸ்’. காற்று வீசும் ஒரு கடற்கரையில் நாகரிகச் சீமாட்டிகள் நாற்காலி போட்டுக் கூட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். மணலை மூடிக்கொண்டு பரவிய பெரிய பாவாடைகள், வெள்ளைக் குடைகள், பறக்கும் தொப்பி நாடாக்கள், இவற்றுக்கெல்லாம் மேலே முக்கால் பங்கு வானம். எவருக்கும் கண், மூக்கு, வாய் இல்லை. முகம் என்பது இளஞ்சிவப்பில் ஒரு தீற்றல், அவ்வளவே.

கூடத்தில் ஐந்து மேஜைகள் இருந்தன. முதல் மேஜைக்கு வானம், இரண்டாவதற்குக் கடலும் மணலும், மூன்றாவதற்குப் பாவாடைகள், நான்காவதற்குக் குடையும் தொப்பியும், ஐந்தாவதற்கு முகமும் கையும். வெளிர் பழுப்பில் கோட்டுருவம் அச்சிட்ட கேன்வாஸ் வானத்தில் புறப்பட்டு மேஜை மேஜையாக நகரும். வலது கீழ் மூலையைக் காலியாக விட வேண்டும். அங்கே ஒரு பெயரை எழுதிக்கொள்வது வாங்குகிறவர் உரிமை. முழுப் படத்தையும் ஒருவரே வரைந்ததாக அந்தக் கூடத்தின் வரலாற்றில் ஒரு நிகழ்வும் கிடையாது.

“சாம்பிள்ல இருக்கறதுதான் படம். உங்க ஐடியாவையெல்லாம் வீட்ல வாசல்ல கோலம் போடறப்போ வெச்சுக்கங்க” என்று மேற்பார்வையாளர் ராஜாராமன் ஒவ்வொரு புதிய பெண்ணிடமும் சொல்வார்.

ஜெயக்கொடி மூன்றாம் மேஜை. முகம் வரையும் மேஜைக்கு மாற்றும்படி ஒருமுறை கேட்டார்.

“உன் ஸ்பீடு இங்க யாருக்கும்மா இருக்கு? நீ எழுந்து போயிட்டா லைனே நின்னுடும்” என்றார் ராஜாராமன். அது பாராட்டு என்பதால் அதற்கு மேல் கேட்க முடியவில்லை. ஆறு ஆண்டுகள் அவர் பாவாடைகளையே வரைந்தார்.

நான்காம் மேஜையில் குடை வரைந்தவள் பம்மலைச் சேர்ந்த நஃபீசா. ஜெயக்கொடியைவிட வயதில் இளையவள். கூடத்தில் வாயை மூடிக்கொண்டு வேலை செய்யத் தெரியாத ஒரே பெண் என்று ராஜாராமனிடம் பெயர் வாங்கியவள்.

“ஜெயாக்கா, இதுங்க எதுக்கு பீச்சுக்கு வந்துச்சுங்க? பாதி பேரு கடலுக்கு முதுவக் காட்டிகினு குந்தினு கீதுங்க.”

“காத்து வாங்க வந்திருப்பாங்க.”

“காத்து வாங்கறதுக்கு இத்தினி துணியா? நம்ம ஊர்ல கடலுக்குப் போனா ஒண்ணு குளிக்கணும், இல்ல செத்தவங்களுக்கு எதுனா கரைக்கணும். இதுங்க குளிக்கவும் இல்ல, அழவும் இல்ல. சேர் போட்டுகினு ஒருத்தி ஜாக்கெட்ட ஒருத்தி பாத்துகினு கீதுங்க. கல்யாண மண்டபத்துல முன் வரிசைல குந்தறவளுங்க மாதிரியே.”

“மெதுவா பேசு. சார் வரார்.”

“வரட்டுமே. மூஞ்சி இல்லாதவளுங்களுக்குப் பரிஞ்சிகினு வருவாரா?”

படத்தின் நடுவில், மற்றவர்களிடமிருந்து சற்று விலகி, ஊதா நிறப் பாவாடையோடு ஒரு சீமாட்டி உட்கார்ந்திருப்பாள். அந்தப் பாவாடையின் கீழ் விளிம்பு மணலில் மடிந்து விழும் இடத்துக்கு மாதிரிப் படத்தில் மூன்று தீற்றல்கள் உண்டு. ஆர்டர் நெருக்கிய ஒரு மாதத்தில் ஜெயக்கொடி அதை ஒரே தீற்றலில் முடிக்கும் வழியைக் கண்டார். தூரிகையை அழுத்தி இழுத்து, கடைசியில் மணிக்கட்டை உள்பக்கமாகத் திருப்பினால், மடிப்பும் நிழலும் சேர்ந்தே விழும். திருப்பிய இடத்தில் வண்ணம் சிறு வாலாக நீண்டு உலரும். ராஜாராமன் அதைக் கவனித்தார். தூரத்திலிருந்து பார்த்தால் தெரியவில்லை என்பதால் விட்டுவிட்டார். அந்த வால் ஜெயக்கொடிக்கு மட்டும் தெரிந்த அடையாளம் ஆயிற்று. காலியாக விட்ட மூலையில் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளட்டும், படத்துக்குள்ளே தன் கை இருக்கிறது என்று அவர் நம்பினார். இதை நஃபீசாவிடம் மட்டும் சொல்லியிருந்தார்.

“வால் வெச்ச பாவாடை. நல்லா கீதுக்கா” என்றாள் அவள்.

1992 சித்திரையில் அந்த வாய்ப்பு வந்தது. சேலையூர்ப் பக்கம் ஒரு தனியார் பள்ளிக்கு ஓவிய ஆசிரியர் தேவைப்பட்டது. அதன் தாளாளர் ஜெயவேலு, பொன்னுரங்கத்துக்குப் பங்காளி முறை. நெல் விளைந்த தன் நிலத்தின் ஒரு பகுதியை மனைகளாக விற்று, மிச்சத்தில் பள்ளி கட்டியவர். பொன்னுரங்கம் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். ஜெயக்கொடி நேர்முகத்துக்கு அழைக்கப்பட்டார்.

தலைமையாசிரியை ரத்தினபாய் ஒரு சாக்பீஸைக் கொடுத்து, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும்படி எதையாவது கரும்பலகையில் வரையச் சொன்னார். ஜெயக்கொடி ஓர் அடிபம்பை வரைந்தார். அதன் முன்னால் குடங்களின் வரிசை. குடங்களுக்குப் பின்னால் சண்டைக்குத் தயாராக நிற்கும் பெண்கள். ஒவ்வொருத்திக்கும் கண்ணும் மூக்கும் வாயும் வைத்தார். ஆறு ஆண்டுகளாக ஒரு முகம்கூட வரையாத கை அது. ரத்தினபாய் எழுந்து கரும்பலகை அருகே வந்தார்.

“இந்தக் கடைசி அம்மாவை எனக்குத் தெரியும் போல இருக்கே. எங்க தெருதான்” என்று சிரித்தார். “பசங்க அமைதியா உட்கார்ந்திடுவாங்க. ஜூன்ல சேர்ந்துடலாம் ஜெயக்கொடி. கரஸ்பாண்டென்ட் சாரை மட்டும் வீட்ல போய்ப் பார்த்துடுங்க. அது ஒரு ஃபார்மாலிட்டி.”

தாளாளர் வீடு பள்ளிக்குப் பின்னாலேயே இருந்தது. அந்த வீட்டுக்கு ஒரு வழக்கம் உண்டு. மகன் சிட்டிபாபு அமெரிக்காவிலிருந்து அனுப்பிய பொருள்களை வந்தவர்களுக்குக் காட்டிவிட்டுத்தான் உட்காரச் சொல்வார்கள். டேப் ரெக்கார்டர், மிக்ஸி, சுவர்க் கடிகாரம் என்று வரிசையாகப் பார்த்து வர வேண்டும். கடைசியில், கூடத்தின் நடுச்சுவரில், புதிதாக மாட்டிய ஓர் ஓவியம். புது ஃபிரிட்ஜுக்கு வைப்பதுபோல் சட்டத்தின் நான்கு மூலையிலும் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள்.

“வாம்மா, மொதல்ல இத்தப் பாரு. அப்பால குந்தலாம்” என்றார் ஜெயவேலு. “ஒரிஜினல் ஆயில் பெயின்ட்டு. தொட்டுப் பாரு, பரவால்ல. கரடுமுரடா கீதுல்ல? பிரிண்ட்டுன்னா வழவழன்னு இருக்கும். கீழ பாரு, வரைஞ்சவரு கையெழுத்து.”

அது பீச் லேடீஸ். அதே வானம், அதே குடைகள், அதே முகமற்ற சீமாட்டிகள். தன் கூடத்தில் எப்போதும் காலியாக இருந்த மூலையில் ஏதோ ஒரு வெளிநாட்டுப் பெயர் சாய்வாக எழுதியிருந்தது. ஜெயக்கொடி குனிந்து ஊதாப் பாவாடையின் விளிம்பைப் பார்த்தார். வால் இருந்தது.

தான் வரைந்த ஒன்றை ஒரு வீட்டின் சுவரில் அவர் பார்த்தது அதுவே முதல் முறை. தனக்கு வேலை கொடுக்கப்போகிறவரின் கூடத்திலேயே, குங்குமம் வைத்து, தன் கைவேலை மாட்டப்பட்டிருக்கிறது. இதைவிட நல்ல சிபாரிசு தனக்கு அமையாது என்று அவர் நினைத்தார்.

“பெரியப்பா, இது எங்க கம்பெனி படம்.”

“இன்னாது?”

“சானடோரியத்துல நாங்க போடறது. இந்த ஊதாப் பாவாடைய நான்தான் போட்டேன். தோ, ஓரத்துல ஒரு வால் இருக்கு பாருங்க. அது என் கை. வேற யாரும் அப்படிப் போட மாட்டாங்க.”

ஜெயவேலுவின் மனைவி தாயாரம்மாள் சமையலறையிலிருந்து வந்து எட்டிப் பார்த்தார். “நெசமாவா ஜெயா? இத்த நீயா போட்ட? ஐயோ, கையக் குடுடி.”

“நீ சும்மா இரு” என்றார் ஜெயவேலு. “அமெரிக்காவுலேர்ந்து வந்த படம்மா இது. எம்புள்ள இன்னா, சானடோரியத்துலயா குந்திகினு கீறான்?”

“இங்கேர்ந்துதான் அங்க போவுது பெரியப்பா. அங்க பேரு எழுதி விக்கறாங்க.”

காபி வந்தது. குடித்து முடித்ததும், “லெட்டர் வரும், போ” என்றார் ஜெயவேலு. அந்தச் சொற்களில் ஜெயக்கொடி குறை எதையும் காணவில்லை.

அந்தக் கடிதம் வராமல்போனதற்குப் பொன்னுரங்கமும் ஒரு காரணம். மகள் வந்து சொன்னதைக் கேட்டதும் அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனார். மணல் வாங்க வந்தவர்களிடமும், பக்கத்து டீக்கடையில் நின்றவர்களிடமும் சொன்னார். “ஜெயவேலு அண்ணன் வூட்டு அமெரிக்கா எங்க கீது தெரியுமா? சானடோரியம் ஸ்டேஷன்ல எறங்கி ரோட்டத் தாண்டு, வந்துடும்.” மகளைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல அவருக்கு ஆறு ஆண்டுகளில் கிடைத்த முதல் செய்தி அது. கேட்டவர்களுக்கோ ஜெயவேலுவைப் பற்றிச் சொல்லிச் சிரிக்கக் கிடைத்த நல்ல செய்தி. ஒரு வாரத்துக்குள் அது சேலையூரை எட்டியது. முடிதிருத்தும் கடையில் ஜெயவேலு சவரத்துக்கு உட்கார்ந்திருந்தபோது, பக்கத்து நாற்காலிக்காரர் கேட்டாராம்: “இன்னாபா, ஒன் ஃபாரின் படம் சைக்கிள் கேரியர்லயே வந்துச்சாமே?”

தகப்பனையும் மகளையும் அழைத்துவரச் சொல்லி ஆள் வந்தது. போனபோது படம் சுவரில் இல்லை. கூடத்தின் நடுவே ஒரு பாயின் மேல் முகம் குப்புறக் கிடந்தது. ஜெயவேலு அதன் பக்கத்தில் நின்றிருந்தார்.

“நீதான் படிச்ச பொண்ணாச்சே. கட்டைல இன்னா அச்சு குத்தி கீது, படி.”

ஜெயக்கொடி குனிந்தார். கேன்வாஸை இழுத்துக் கட்டிய மரச்சட்டத்தில் நீல மையில் முத்திரை இருந்தது.

“மேட் இன் ஹாங்காங்.”

“சத்தமா. ஒங்கப்பனுக்குக் கேக்கணும்.”

“மேட் இன் ஹாங்காங்.”

“ஹாங்காங் எங்க கீது? பல்லாவரத்துக்கு அந்தாண்டயா, இந்தாண்டயா?”

ஜெயக்கொடி முத்திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வாயத் தொறந்து சொல்லு. ஹாங்காங் ஃபாரினா, இல்லியா?”

“ஃபாரின்தான் பெரியப்பா.”

“அப்ப ஒன் கம்பெனி இல்ல.”

“இல்ல.”

“கொழந்த தெரியாம சொல்லிட்சிண்ணா” என்றார் பொன்னுரங்கம்.

“கொழந்தையா? முப்பது வயசு கொழந்த. ஊரெல்லாம் போயி சொன்னியே, நீயும் கொழந்தயா?”

ஜெயக்கொடி அனுமதி கேட்காமலேயே படத்தைத் திருப்பினார். சானடோரியத்துக் கேன்வாஸ்களின் கட்டையில் முத்திரை குத்துவதில்லை. எண் எழுதிய சீட்டுத்தான் ஒட்டுவார்கள். முத்திரையைப் பற்றி அவருக்குச் சந்தேகம் இல்லை. அவர் பார்க்க விரும்பியது பாவாடையை. நீளம், வளைவு, நுனி உள்பக்கம் திரும்பிய விதம், எல்லாம் அவருடையதாகவே இருந்தன. தான் பார்த்திராத ஏதோ ஓர் ஊரில், இதே மாதிரிப் படத்தை மாட்டிய இன்னொரு கூடத்தில், இன்னொருத்தி மூன்று தீற்றல்களை ஒன்றாக்கியிருக்கிறாள். அவளையும் யாரோ அவசரப்படுத்தியிருக்கிறார்கள். அவசரத்துக்கு அந்த இடத்தில் வேறு வழி இல்லை போலும். அவள் மணிக்கட்டும் உள்பக்கமாகத்தான் திரும்பியிருக்கிறது. தன் கை என்று அவர் நம்பியது, உண்மையில் அந்த வேலையின் கை.

ஜெயவேலு தன் தீர்ப்பைச் சொன்னார். வைகாசியில் சிட்டிபாபு குடும்பத்தோடு வருகிறான். பேரனுக்குத் திருநீர்மலைக் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்தப்போகிறார்கள். அன்றைக்கு வீட்டில் விருந்து. சிரித்தவர்கள் எல்லாரும் வருவார்கள். அவர்கள் முன்னால் ஜெயக்கொடி சொல்ல வேண்டும்: தான் சொன்னது தப்பு, இது வெளிநாட்டுப் படம், இதில் தன் கை எதுவும் இல்லை.

“சொல்லிட்டு வா. அப்பால வேலையப் பத்திப் பேசலாம்” என்றார்.

மறுநாள் கூடத்தில் நஃபீசா முழுக் கதையையும் கேட்டாள். தூரிகையைக் கீழே வைத்தாள்.

“அவளும் நம்மள மாதிரிதான்கா. ஒண்ணுக்குக்கூடப் போவாம குந்திகினு போட்டிருப்பா” என்றாள் பிறகு. “அங்க ஒரு ராஜாராமன் இருப்பான். ஐடியாவ வூட்ல வெச்சுக்கன்னு சீன பாஷைல சொல்லிகினு இருப்பான்.”

ஜெயக்கொடி சிரிக்கவில்லை. அன்று ஊதாப் பாவாடைக்கு மாதிரிப் படத்தில் உள்ளபடி மூன்று தீற்றல்கள் போட்டார். நான்காம் மேஜையில் வேலையில்லாமல் காத்திருந்தார்கள். ராஜாராமன் வந்து, உடம்பு சரியில்லையா என்று கேட்டார். மதியத்துக்குப் பிறகு ஜெயக்கொடி பழையபடி ஒரே தீற்றலுக்குத் திரும்பிவிட்டார்.

வீட்டில் பொன்னுரங்கம் சோற்றைப் பிசைந்தபடி தலைநிமிராமல் சொன்னார்: “சொல்லிடு ஜெயா. ஒரு வார்த்த. சொன்னா நாக்கு இன்னா தேஞ்சிடுமா?”

“சொல்றேன்பா. அவர் சொல்லச் சொல்றதுல பொய் எதுவும் இல்ல.”

“அப்புறம் இன்னா?”

“ஒண்ணும் இல்ல.”

உண்மையில் ஜெயக்கொடி தயங்கவில்லை என்பதே இங்கே குறிக்கத்தக்கது. வேலை வேண்டும், ஜூன் நெருங்கிக்கொண்டிருந்தது, கரும்பலகையில் வரைந்த பெண்களுக்கு முகம் இருந்தது. சுவரில் இருப்பது தன் கை இல்லையென்று ஒருமுறை சொல்லிவிட்டால், இனி எஞ்சிய நாளெல்லாம் தன் கையாலேயே வரையலாம். அவர் கணக்கு இப்படித்தான் ஓடியது.

விருந்து நாளன்று பந்தல் தெருவரை இழுத்துக் கட்டியிருந்தது. மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய குழந்தை, காது வலியில் எல்லாரிடமும் மாறி மாறிப் போய் அழுதுகொண்டிருந்தது. கூடத்தில் படம் பழைய இடத்துக்கு வந்திருந்தது. மூலைகளில் குங்குமம் புதிது. முதல் பந்தி எழுந்து, இரண்டாம் பந்திக்கு இலை போடுவதற்கு முன் இருந்த இடைவெளியில், ஜெயவேலு கையைத் தட்டினார்.

“எல்லாரும் ஒரு நிமிஷம். நம்ம பொன்னுரங்கம் பொண்ணு ஒரு விஷயம் சொல்லணும்ங்குது.”

ஜெயக்கொடி படத்தின் பக்கத்தில் போய் நின்றார். வகுப்பில் நின்று பேசும் குரல் எப்படி இருக்க வேண்டும் என்று பயிற்சியில் கற்றுக்கொடுத்திருந்தார்கள். அந்தக் குரலில் சொன்னார்.

“இந்தப் படம் எங்க கம்பெனியில போட்டதுன்னு நான் சொன்னது தப்பு. இது ஃபாரின் படம். ஹாங்காங்ல போட்டது. இதுல என் கை எதுவும் இல்ல.”

முன்வரிசையில் இருந்தவர்கள் தலையசைத்தார்கள். பின்னால் இருந்தவர்களில் ஒருவர், “இன்னாவாம்?” என்று கேட்டார். “ஏதோ படமாம். இலை போடச் சொல்லு” என்றார் இன்னொருவர். முடிதிருத்தும் கடையில் கேலி செய்தவர் வரவே இல்லை.

ஜெயவேலுவின் முகம் மலர்ந்தது. தாயாரம்மாள் தாம்பூலத் தட்டைக் கொண்டுவந்து நீட்டி, ஜெயக்கொடியின் கண்ணைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார். வேலையைப் பற்றிக் கேட்க ஜெயக்கொடி ஓரமாகக் காத்து நின்றார். அப்போது சிட்டிபாபு அருகில் வந்தான். சிறு வயதில் கடப்பேரி ஏரிக்கரையில் சேர்ந்து விளையாடியவன்.

“ஜெயாதானே? எப்படி இருக்க? எதுக்கு இதெல்லாம்? ஏன் இவ்ளோ சீரியஸா எடுத்துகிட்டீங்க எல்லாரும்?” என்றான். பிறகு குரலைத் தாழ்த்தினான். “நான் காசு குடுத்துகூட வாங்கல. அங்க ஒரு கடையில சோஃபா வாங்கினேன், கூட இதை ஃப்ரீயா குடுத்தாங்க. எங்க அபார்ட்மென்ட்ல மாட்ட இடம் இல்ல. சும்மா கிடக்குதேன்னு இங்க அனுப்பிட்டேன். அப்பாகிட்ட சொல்லிடாத, என்ன?”

குழந்தை அழைக்க, அவன் போய்விட்டான்.

ஜெயவேலு விருந்தினரை வழியனுப்பிவிட்டுத் திரும்பி வந்தார். ஜெயக்கொடி நின்றிருப்பதைப் பார்த்தார்.

“பெரியப்பா, ஸ்கூல்ல அந்த வேலை…”

“அதுவாம்மா? அதுக்குப் போன வாரமே ஆள் போட்டாச்சி. ஒங்க பெரியம்மா அண்ணன் பொண்ணு. பரீட்ச கிரீட்ச எழுதல, ஆனா நல்லா வரையும். ரத்தினபாய் டீச்சர் ஏதோ மொனகிகினு இருந்தாங்க. ஸ்கூல் யாருதுன்னு கேட்டேன். கம்முனு ஆயிட்டாங்க.” அவர் குரலில் கோபம் ஏதும் இல்லை, முழு மன நிறைவோடு பேசினார். “ஒனக்கு வாய்தான் கொஞ்சம் நீளம். இன்னிக்கி எல்லாம் சரியாப் போச்சி. அடுத்த வருஷம் பாக்கலாம். ஆண்டு விழாவுக்குப் பெரிய பெரிய சீன் எல்லாம் வரையணும், அப்ப கூப்புடறேன். சாப்ட்டுப் போ.”

சோஃபா என்ற சொல் ஜெயக்கொடியின் வாய்வரை வந்தது. கூடத்தில் இன்னும் ஆள்கள் இருந்தார்கள். சாதாரணக் குரலில் சொன்னாலே போதும், இந்த முறை பின்வரிசை வரைக்கும் கேட்கும். அவர் ஜெயவேலுவைப் பார்த்தார். அடுத்த வருஷம் என்று அவர் சொல்லியிருந்தார். ஆண்டு விழா என்றும் சொல்லியிருந்தார். சோஃபாவைச் சொல்லாமலே ஜெயக்கொடி பந்திக்குப் போனார்.

பந்தியில் பொன்னுரங்கம் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். பக்கத்து இலையில் யாரும் உட்காராதபடி கையை வைத்துக்கொண்டிருந்தார். மகளைப் பார்த்ததும் புருவத்தை உயர்த்தினார்.

“இன்னா சொன்னாரு?”

“சாப்ட்டுப் போவச் சொன்னாரு.”

“அவ்ளோதானா?”

“அவ்ளோதான்.”

பொன்னுரங்கம் இலையிலிருந்து கையை எடுத்தார். எழுந்து போனால் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொண்டதாக ஆகிவிடும் என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது. ஜெயக்கொடி உட்கார்ந்தார். இலைக்குத் தண்ணீர் தெளித்துத் துடைத்தார். பரிமாறுகிறவர் இனிப்பிலிருந்து தொடங்கினார்.